வாய்ச்சொல்

"தலையாட்டினா செல்லாதும்மா. அவர் வாயால 'விடுவிச்சேன்'னு ஒரே ஒரு தடவை சொல்லணும்," என்றார் வழிபாட்டுக்கூடத்துப் பெரியவர்.

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கே அவனைக் கூட்டி வருவது இது ஐந்தாவது தடவை.

சக்கர நாற்காலியில் அவள் புருஷன் வாய் கோணி உட்கார்ந்திருந்தான். கேட்கிறபோதெல்லாம் தலையை மட்டும் தாராளமாக ஆட்டினான்.

புதுச் சட்டம் வந்தபிறகு அரசாங்கத்தில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒருத்தர் கேட்டாலே போதும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. பதினோரு நிமிஷத்தில் விவாகரத்து முடிந்தது. ரேஷன் கார்டில் பெயர் மாற்றக்கூட அதைவிட நேரமாகும்.

அவளைப் பெற்ற அம்மாதான் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடவுள் போட்ட முடிச்சை ஆபீஸ் குமாஸ்தாவா அவிழ்ப்பான் என்று கேட்டாள். புருஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் இந்த வாசல்படி மிதிக்காதே என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரி, சொல்லிவிடுகிறேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான். நாள் குறித்தார்கள். அன்று காலையில்தான் குளியலறையில் விழுந்தான். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று.

பன்னிரண்டு வருஷம் நரம்பில்லாத நாக்கால் அவளை வெட்டிக் கூறுபோட்டவன். அந்த நாக்கு கட்டுப்பட்டதும், பொய் எதற்கு, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் விடுதலையும் அதே நாக்கில்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஏழு மாதமாக மலம் அள்ளினாள். கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல 'வி' சொல்லு, 'டு' சொல்லு என்று கெஞ்சினாள். அவன் உதட்டைக் குவிப்பான். கஞ்சிதான் வழியும்.

பெரியவர் புத்தகத்தை மூடினார். குணமாகட்டும், பார்ப்போம் என்று உள்ளே போய்விட்டார்.

வெளியே உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் சரிவில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். கண்ணீரில் பாதை தெரியவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்துத் தள்ளுடி, சனியனே!"

அவள் முன்னால் ஓடி வந்து பார்த்தாள். வாய் பழையபடி கோணியிருந்தது.