கல்லுக்குக் கால் முளைத்தது

"அந்தப் படத்தப் போடு சாமி. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் சின்னுசாமி.

தனப்பிரியா மோட்டார் ரூம் திட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். கிணற்றடியில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ஒரு பக்கம் அவள் அப்பா சின்னுசாமி. எதிர்ப்பக்கம் பெரியப்பா சென்னியப்பன். நடுவில் நியாயம் பேச வந்த பெரியவர் தங்கமுத்து. அண்ணன் தம்பி இருவர் காட்டுக்கும் நடுவே இருந்த எல்லைக்கல் இரண்டு அடி நகர்ந்து அப்பாவின் காட்டுக்குள் வந்துவிட்டது. நகர்த்தியது பெரியப்பாதான் என்பது அப்பாவின் வழக்கு.

"நம்மூரு வழக்கப்படி, கல்ல நகத்துனவன் எவனோ, இந்தப் பொதுக் கெணத்துல அவனுக்கு இனித் தண்ணி இல்ல. ரெண்டு பேருக்கும் சம்மதந்தானுங்களா?" என்றார் தங்கமுத்து.

"சம்மதமுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"நான் கல்லத் தொடவே இல்லீங்க. எனக்கென்ன பயம்? சம்மதமுங்க" என்றார் பெரியப்பா. சொல்லும்போதே கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் இல்லை என்றால் அவருடைய மூன்று ஏக்கரும் வெறும் கட்டாந்தரைதான்.

தனப்பிரியா சேலத்தில் விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறாள். களிமண் பொம்மையை ஒரு நூல் நகர்த்தி ஒரு படம், இன்னும் ஒரு நூல் நகர்த்தி இன்னொரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். ஸ்டாப் மோஷன் என்று பெயர். முதல் வருஷம் இதைப் பார்த்துவிட்டு, "பொம்ம வெச்சு வெளையாடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கரித்துக் கொட்டியவர்தான் அப்பா.

ஆனால் போன வருஷம், மரவள்ளி நட்டதிலிருந்து பிடுங்குவது வரை தினம் ஒரு படம் எடுத்து ஓட்டப்போகிறேன் என்று அவள் சொன்னதும் மனுஷர் அடியோடு மாறிப்போனார். பழைய செல்போன் ஒன்றை மோட்டார் ரூம் சுவரில் தகடு அடித்து அவரே மாட்டித் தந்தார். "அந்தக் கல்லும் தெரியற மாதிரி வெய் சாமி. அப்பத்தான் செடி எவ்வளவு ஒசரம்னு தெரியும்" என்று கோணம் பார்த்துச் சொன்னதும் அவர்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கப்பா மாதிரி வருமா என்று விடுதி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

போன வாரம் முதல்முறையாகப் படத்தை முழுசாக ஓட்டிப் பார்த்தபோதுதான் கல் நகர்வது அவள் கண்ணில் பட்டது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினாள். அவர் மறுநாளே தங்கமுத்துவைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது அதே படம் ஓடியது. நட்ட குச்சி துளிர்த்தது, இலை விரித்தது, ஆளுயரம் வளர்ந்தது. மொத்தம் இருபத்தைந்து விநாடி. அதற்குள் முன்னால் இருந்த வெள்ளைக் கல், அவளுடைய களிமண் பொம்மை மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து அப்பாவின் காட்டுக்குள் வந்து நின்றது.

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, பொம்மைய நடக்க வெக்கற புள்ளைக்குக் கல்ல நடக்க வெக்கத் தெரியாதுங்களா? இவங்கப்பனுக்காக எதையோ சோடிச்சுக் கொண்டாந்திருக்குது" என்றார் தட்டுத் தடுமாறி.

தனப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. பத்து மாச உழைப்பைப் பொய் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"நான் ஒண்ணும் சோடிக்கலீங்க பெரியப்பா. யாரு நகத்துனாங்கன்னே காட்டறேன். எடுத்த படமெல்லாம் இதுல அப்படியே இருக்குது."

"தெனம் எட்டு மணிக்கு ஒரு படந்தான சாமி எடுத்த?" என்றார் அப்பா.

"சேத்துக்கறது ஒண்ணுதானுங்கப்பா. செல்லு விடியறதுக்கு முன்னால இருந்தே பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு தானா எடுத்துட்டே இருக்கும். எட்டு மணிய ஒட்டி எடுத்ததுல வெளிச்சம் ஒத்து வர்றதா ஒண்ணப் பொறுக்கிக்குவேன். இல்லாட்டி ஓட்டறப்ப மினுக்கு மினுக்குன்னு இருக்கும். மிச்சத்த நான் தொறந்துகூடப் பாத்ததில்ல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? பாத்தவரைக்கும் போதும், மூடி வெய்."

"இருப்பா சின்னுசாமி. தொற கண்ணு" என்றார் தங்கமுத்து.

மார்கழியில் ஒரு நாள் கல் ஒரேயடியாக ஒரு சாண் தாவியிருந்தது. அன்றைய படங்களை அவள் வரிசையாகத் திறந்தாள். ஆறு மணி. கல் பழைய இடத்திலேயே இருந்தது. ஆறு பத்து. அப்போதும் அப்படியே. ஆறு இருபதில், பனிக்குள் ஓர் ஆள் முதுகைக் காட்டிக் குனிந்து கடப்பாரையால் கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்.

"ஆள் இருக்குதுங்க. மாட்டிக்கிட்டாங்க" என்றாள் தனப்பிரியா. சந்தோஷத்தில் லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தாள். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பெரியப்பாவும் வந்தார்.

அவள் அடுத்த படத்தைத் தட்டினாள்.

ஆறு முப்பது. கல் ஒரு சாண் தள்ளி நின்றது. கடப்பாரையை ஊன்றியபடி நிமிர்ந்து நின்ற அந்த ஆள், புது இடத்திலும் கல் படத்துக்குள் விழுகிறதா என்று செல்போனை நேராக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவள் அப்பா.