ஸ்லைடில் ஒரு கூடாரம்

சைக்கால் தன் ஸ்லைடில் வணிக வளாகத் திட்டத்தின் நான்கு கட்டங்களையும் ஒரே காலக்கோட்டின் மேல் படங்களாக வைத்திருந்தாள்: மண்வெட்டி, செங்கல், ஜன்னல், சாவி. காலையில் திறந்தபோது சாவிக்கு அருகே, அடுத்த இலையுதிர் காலத்தின் மேல், வெள்ளைக் கம்பளிக் கூடாரம் ஒன்று நின்றது.

"சாவு விழுந்தா அபார்ட்மெண்ட் முற்றத்துல போடுற கூடாரம்மா அது," என்றார் மேலாளர் எர்மெக். "நாம கடை திறக்கப்போறோமா, பொணம் எடுக்கப்போறோமா?"

அழித்தாள். கூடாரம் செங்கலுக்கு அருகே நகர்ந்து நின்றது. மறுபடி அழித்தாள். இம்முறை மண்வெட்டிக்கும் முன்னால், இன்றைய தேதியின் மேல் நின்றது. அதற்குமேல் அவள் அதைத் தொடவில்லை.

மதியம் அம்மா போனில், "இன்னிக்காவது நேரத்தோட வாடி, மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன்," என்றாள்.

சாயங்காலம் பனி பெய்துகொண்டிருந்தது. அவள் குடியிருந்த கட்டடத்தின் முற்றத்தில் இரண்டு பேர் கூடாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யார் வீட்டுல?"

"எங்களுக்கு என்னக்கா தெரியும்?" என்றான் ஒருவன், முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல். "அடுத்த வருசம்தான் வரச் சொல்லியிருந்தீங்க. நீங்கதானே ரெண்டு தடவ தேதியை முன்னாடி கொண்டாந்தீங்க."

சைக்கால் நிமிர்ந்து மூன்றாவது மாடியில் அம்மாவும் அவளும் இருக்கும் வீட்டைப் பார்த்தாள். சமையலறையில் விளக்கு எரியவில்லை.