முதுகுத் தகடு

“பத்து எம்.எம். தகடா? யாரைக் கேட்டு இதை வெட்டுனீங்க மேஸ்திரி?”

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக லாரி முதலாளி போட்ட கூச்சலில் சுத்தியல் சத்தமெல்லாம் அப்படியே அடங்கிப்போனது.

மேஸ்திரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டிரைவரைப் பார்த்தார்.

“நான்தான் வெட்டச் சொன்னேன் மச்சான்” என்றான் டிரைவர்.

ஆமாம், மச்சான்தான். முதலாளியின் கூடப்பிறந்த தங்கையைத்தான் டிரைவர் கட்டியிருந்தான். அதனால் என்ன, சம்பளம் கொடுக்கிற இடத்தில் மச்சானும் முதலாளிதானே!

“நீ யாரு சொல்றதுக்கு? வண்டி என்னுதா, உன்னுதா மாப்ள?”

“வண்டி உங்களுதுதான். முதுகு என்னுது.”

கேபினுக்கும் சரக்குக்கும் நடுவில் நிற்கிற தடுப்புத் தகடு அது. இந்தப் புது லாரியில் ஏற்றப்போவதோ ஆறு மீட்டர் இரும்புக் குழாய்கள். திடுதிப்பென்று பிரேக் போட்டால் அத்தனையும் முன்னால்தான் பாயும். போன வருஷம் பழைய லாரியில் ஒரு குழாய் அப்படித்தான் கேபினைத் துளைத்துக்கொண்டு வந்து, டிரைவரின் காதுக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது. இறங்கக் கால் வராமல், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் அழுதான் மனுஷன்.

புது லாரி என்றதும் அவன் வாய் திறந்து கேட்டது இந்த ஒரு கனத்த தகட்டைத்தான்.

“மூணு எம்.எம். போட்டா கால் டன் எடை மிச்சம். நடைக்கு ரெண்டு குழாய் கூட ஏத்தலாம். தொழில் தெரியாதவன் மாதிரி பேசாத” என்றார் முதலாளி.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. “முன்னாடி இவ்வளவு பெரிய ஸ்டீல் பம்பர், தலைக்கு மேல பதினாறு விளக்கு, அஞ்சு ஹாரன்… இதெல்லாம் என்ன, பஞ்சுலயா செஞ்சிருக்கு?”

“அது வண்டிக்கு அழகுய்யா! உள்ள இருக்கிற தகட்டை எவன் பார்க்கப்போறான்?”

டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது. சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். “மூணு எம்.எம்.னா நான் ஓட்டமாட்டேன்.”

“வச்சுட்டுப் போ. ஓட்டுறதுக்கா ஆள் இல்ல? ஆனா வேலையை விட்டுட்டேன்னு என் தங்கச்சிக்கு நீயே போன் போட்டுச் சொல்லு.”

போட்டான். மறுமுனையில் அவள் பதறிப்போனாள்.

“ஏங்க, உங்களுக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதே! ரெண்டு புள்ளைங்க இருக்கு. எங்கண்ணன் உங்களுக்குக் கெடுதல் நினைப்பாரா? அவருக்குத் தெரியாததா?”

பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே மூணு எம்.எம். தகட்டை நிறுத்தி வெல்டிங் செய்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகப் பன்னிரண்டு குழாய்களைப் பின்னால் ஏற்றினார்கள். முதலாளி முகம் முழுக்கப் பல்லாக டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“ஒரு வாரத்துக்கு எல்லா நடைக்கும் நானும் வர்றேன். புது வண்டியில போய் இறங்குனாத்தான் நாலு கம்பெனிக்காரன் மதிப்பான். ம், எடு.”

“வெறும் கயிறுதான் கட்டியிருக்கு, பார்த்து!” என்று கீழேயிருந்து கத்தினார் மேஸ்திரி.

பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் லாரி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“பிரேக் எப்படி? ஓங்கி அழுத்து பார்ப்போம்.”

“வேணாம் மச்சான். பின்னால குழாய் இருக்கு.”

“அட, அழுத்துன்னா அழுத்துய்யா! உன்னைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி என்ன பாடு படுறாளோ!”

அழுத்தினான்.

டமார்!

கேபினே குலுங்கியது. பின்னாலிருந்த தகடு பிதுங்கி, கேபின் சுவரையும் தள்ளிக்கொண்டு, முதலாளியின் பிடறியை முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் அவ்வளவுதான்.

முதலாளி பிடறியைத் தடவி, உள்ளங்கையைப் பார்த்தார். ரத்தம் இல்லை. மறுபடியும் தடவிப் பார்த்தார்.

“மாப்ள… உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல மச்சான்.”

கதவைத் திறந்து இறங்கினார். நேரே போய் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தச் சனியனைப் பிச்சு எறிங்க மேஸ்திரி. பத்து எம்.எம். தகட்டையே போட்டுடுங்க. உயிர் விஷயம்யா. எடையாவது, மண்ணாவது!”

டிரைவரும் இறங்கி வந்து மச்சான் பக்கத்தில் நின்றான். மனைவி சொன்னது சரிதான். என்ன இருந்தாலும் மச்சான் மச்சான்தான். இப்படிப்பட்டவரிடம் போய்ச் சாவியைத் தூக்கி வைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது அவனுக்கு.

மேஸ்திரிக்கும் சந்தோஷம்தான். “காலையில வெட்டுனது முழு அகலத்துக்கு அப்படியே இருக்கு முதலாளி. தூக்கி நிறுத்திடவா?”

“ஐயய்யோ, முழுசும் எதுக்கு? எடை எகிறிடுமே!” என்றார் முதலாளி. “பாதியா அறுத்து, நான் உக்கார்ற பக்கம் மட்டும் வைங்க, போதும்.”