மூன்றாவது வயலின்

இசையமைப்பாளனாகக் கைலாஷுக்கு இது முதல் படம். “டைட்டில்ல ஒன் பேரும் வரும்மா” என்று சொல்லி, கடைசிக் காட்சிக்கான வயலின் மெட்டை அம்மா அனந்தலக்ஷ்மியை வாசிக்க வைத்துப் பதிவு செய்தான். கரமனைத் தெரு முழுக்க அவள் சொல்லியாகிவிட்டது.

டைரக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எனவே அதே மெட்டை மூன்று சாம்பிள் லைப்ரரிகளிலும் போட்டான். யாரோ என்றோ ஸ்வரம் ஸ்வரமாக வாசித்துக் கொடுத்த ஒலிகள். கீபோர்டில் தட்டினால் போதும். எது எதுவென்று சொல்லாமல் நான்கையும் அனுப்பினான்.

பதில் வந்தது.

“என்னடா சொன்னார்?”

“மூணாவதுதான் நெஜ வயலினாம். அது பழைய லைப்ரரியாக்கும். ஒன்னோடதைக் கம்ப்யூட்டர்னு நெனச்சுட்டார். ஜீவனே இல்லையாம்.”

“அதுல மட்டும் என்ன ஜீவன்?”

ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். “ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால வாசிக்கறவாளோட மூச்சு கேக்கறது, கேட்டயா? அப்படியொரு மூச்சு ஒனக்கு வரலையேம்மா. இதையே வெச்சுக்கறேன். வருத்தமில்லையே?”

அவள் கடைசிவரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“யார் வாசிச்சதுன்னு போட்டிருக்காளா?”

“இல்ல. லைப்ரரிக்கு வாசிக்கறவா பேரை யாரு போடறா?”

“நான்தான்டா வாசிச்சேன். அப்போ நீ வயத்துல, எட்டாம் மாசம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூச்சு வாங்கித்து” என்றாள் அனந்தலக்ஷ்மி. “அந்த மூச்சு இப்போ எப்படி வரும்?”