இரண்டாவது பாட்டில்

சமையலறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, சின்ன மருமகள் இரண்டாவது வைன் பாட்டிலைத் திறந்தாள். அப்போது பொழுது விடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

கணவன் கதவைத் தட்டினான். "உள்ள என்ன பண்ற? வாசனை ஹால் வரைக்கும் வருது!"

"சாயங்காலம் பார்ட்டிக்குத்தான். நீங்க போய் நாற்காலியைத் துடைங்க."

"அதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

"திறந்து வெச்சா நீங்க பார்ப்பீங்க. நீங்க பார்த்தா உங்க அண்ணிக்குப் போயிடும்."

அவன் சொன்னபடியே நாற்காலி துடைக்கப் போனான். கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மிக்ஸியில் உறைந்த மாம்பழமும் ஸ்ட்ராபெரியும் கடகடவென்று அரைபட்டுக்கொண்டிருந்தன. முதல் பாட்டில் ஏற்கெனவே டப்பாவுக்குள் இறங்கியாகிவிட்டது.

செய்முறை பெரிய மருமகளுடையது. அவள் வீட்டு விருந்தில் இந்தப் பழ வைன் பனிக்கூழைச் சாப்பிட்டவர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் ஒருத்தியே மூன்று டம்ளர் காலி செய்தாள். புது வீட்டில் முதல் பார்ட்டி, கணவனின் ஆபீஸ் ஆட்களும் சொந்தக்காரர்களும் ஒன்றாக வருகிறார்கள். இதில் சொதப்பினால், "பெரியவ கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்ற பாட்டை ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டியதுதான்.

அதனால்தான் மானத்தை விட்டு ஓரகத்திக்குப் போன் போட்டாள். அவளோ ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

"பழத்தை நறுக்கி, உறைய வெச்சுட்டு அரை. என் டப்பாவையே குடுத்து அனுப்பறேன். அது நிறையற பழத்துக்கு ஒரு பாட்டில் வைன். கம்மியாப் போனா கல்லா இறுகிடும், ஜாஸ்தியாப் போனா உறையவே உறையாது. ஒரு பாட்டில், ஞாபகம் வெச்சுக்கோ."

எவளாவது தன் கைப்பக்குவத்தை இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுப்பாளா? போதாக்குறைக்கு டப்பா வேறு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது?

போன தடவை கேக்கிலும் இப்படித்தான் ஆனது. ஓரகத்தி சர்க்கரை அளவு சொன்னாள். இவள் நம்பாமல் அதைப்போல் இரண்டு பங்கு போட்டாள். வாயில் வைத்தவர்கள் எல்லாம் தண்ணீர் கேட்டார்கள். அதிகம் போட்டது தான்தான் என்பது இவளுக்கு மறந்துவிட்டது, ஓரகத்தி சிரித்தது மட்டும் மறக்கவில்லை.

இந்த முறை ஏமாறுவதாக இல்லை. ஒரு பாட்டிலோடு விட்டால் பனிக்கூழ் பாறையாகிவிடும், எல்லார் முன்னாலும் சுத்தியலைத் தேட வேண்டும், அதுதான் அவள் திட்டம் என்று முடிவுகட்டி, இரண்டாவது பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து, டப்பாவை ஃப்ரீசரில் தள்ளினாள்.

சாயங்காலம் முதல் ஆளாக வந்து நின்றவளே பெரியவள்தான். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போனாள். டப்பாவைத் திறந்தாள், முள்கரண்டியால் ஒரு குத்து குத்திப் பார்த்தாள். போகிற போக்கில் குப்பைக்கூடைக்குள்ளும் ஒரு பார்வை. பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு, மருந்து மாயம் ஏதாவது கலந்துவிட்டாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

ஆனால் பரிமாறும்போது கரண்டி பஞ்சுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. பனிக்கூழ் பூப்பூவாக டம்ளர்களில் விழுந்தது. கணவனின் மேனேஜர் இரண்டாவது முறை டம்ளரை நீட்டினார். மாமியார் கரண்டியை நக்கிவிட்டு, "பெரியவளே, சின்னவ உன்னையே தூக்கிச் சாப்பிட்டுட்டா பாரு!" என்றாள்.

"ஆமா அத்தை, எனக்கே இவ்வளவு பதமா வந்ததில்லை" என்றாள் பெரியவள்.

நடிப்பு! உள்ளே வெந்துகொண்டிருப்பாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். கூட்டம் பாட்டுப் பாடுவதில் மும்முரமானதும் அவளைச் சமையலறைக்குள் மடக்கினாள்.

"அக்கா, நான் எத்தனை பாட்டில் ஊத்தினேன் தெரியுமா? ரெண்டு!"

"ரெண்டுதான் சரியான அளவு" என்றாள் பெரியவள், டம்ளரைக் கழுவிக்கொண்டே.

மறுப்பாள், மழுப்புவாள் என்று இவள் ஆயத்தமாக வந்திருந்தாள். இப்படிக் கையும் களவுமாக அகப்பட்டும் அலட்டிக்கொள்ளாதவளை என்ன செய்வது? கோபத்துக்கு முன்னால் அழுகைதான் முந்திக்கொண்டது.

"தெரிஞ்சேதான் ஒண்ணுன்னு சொன்னீங்களா? இத்தனை பேர் முன்னாடி நான் அசிங்கப்படணும், அதானே? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

பெரியவள் குழாயை மூடினாள். தன் முந்தானையாலேயே சின்னவளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அடி அசடே, ரெண்டுன்னு சொல்லியிருந்தா நீ நாலு ஊத்தியிருப்பியே!"