உட்கார்ந்து விளையாடும் ஆட்டம்

"பெரியப்பா, போர் அடிக்குதுலா! வேற ஏதாச்சும் விளையாடலாம்."

கேரம் பலகையைத் தள்ளிவிட்டுச் சொன்னான் ரூபன். அவனுக்குப் பதின்மூன்று வயது. அக்கா லோஷினிக்குப் பதினான்கு.

பத்துமலை சன்னலைப் பார்த்தார். ஈப்போ புந்தோங்கில் காலையில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. எதிர்வீடுகூடச் சரியாகத் தெரியவில்லை. மனைவி நவமணி மகளின் பிரசவத்துக்காக ஜொகூர் போயிருந்தாள். அவள் இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பாள்.

"எங்க போனையாச்சும் குடுங்க பெரியப்பா," என்றாள் லோஷினி.

"அத மட்டும் கேக்காதீங்க. பெரியப்பா வீட்டுக்கு வந்தா பெரியப்பாகூடத்தான் பேசணும்."

வந்ததும் வராததுமாக இருவரின் கைப்பேசிகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் கண்டிப்பானவர் இல்லை. ஆனால் இன்று வேறு வழி தெரியவில்லை.

விடிகாலையில் தம்பி தர்மா ஓட்டிவந்த செம்பனைக் குலை லாரி தெலுக் இந்தான் சாலையில் கவிழ்ந்துவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தம்பி மனைவி சரளா, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிள்ளைகளை இங்கே இறக்கிவிட்டாள். அவர்கள் உள்ளே போனதும் அவரை வாசல் கேட் அருகே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ணப் போறாங்க மாமா. ஒண்ணும் உறுதியா சொல்ல மாட்டேங்கறாங்க. புள்ளைங்களுக்கு எதுவும் தெரியாது. நான் போன் பண்ற வரைக்கும் நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும். விட்டுட்டு எங்கயும் போயிராதீங்க."

அதற்குள் கவிழ்ந்த லாரியின் வீடியோ வாட்சப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. அது பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

"சரி, ஹால்லயே பேட்மிண்டன் ஆடுவோமா? நாற்காலிய நகத்திட்டா எடம் இருக்கு."

ரூபன் துள்ளி எழுந்தான். லோஷினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் பெரியப்பா. உக்காந்து விளையாடுற ஆட்டமா சொல்லுங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது என்று நினைத்தபடி சீட்டுக்கட்டை எடுத்துவந்தார். மூவரும் கழுதை ஆட்டம் ஆடினார்கள். ரூபன் சீட்டை மடிக்குள் ஒளித்துப் பிடிபட்டான். லோஷினி சண்டை போட்டாள். வீடு கலகலப்பாகத்தான் இருந்தது.

அவருக்குத்தான் கையில் இருந்த சீட்டு எதுவும் மனதில் பதியவில்லை. தர்மா அவரைவிடப் பதினோரு வயது இளையவன். தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி. இப்போது எப்படிக் கிடக்கிறானோ. ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஒரே ஓட்டம். கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம்.

"கடையில சாப்பிடக் கறிபாப் வாங்கிட்டு வாரேன். கதவப் பூட்டிக்குங்க," என்று எழுந்து மழைக்கோட்டை எடுத்தார்.

வெளியே இடி இடித்தது. ரூபன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போவாதீங்க பெரியப்பா. எனக்கு இடின்னா பயம்."

"இவ்ளோ வளந்துட்ட, இன்னும் இடிக்குப் பயமாடா?"

"ஆமா. நீங்க இங்கயே இருங்க."

பையனின் கை சில்லென்று இருந்தது. அவருக்குப் பாவமாகிவிட்டது. கோட்டைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

"கறிபாப் எதுக்கு? நான் மெகி கோரெங் செய்யறேன்," என்று லோஷினி அடுப்படிக்குப் போனாள். சாப்பிட்டு முடித்ததும் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும். அது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ரூபன் நாற்காலியில் அமர்ந்து ஸ்டியரிங் பிடித்தான். ஒரு கையை வெளியே நீட்டி யாரையோ வைதான். தலையைச் சொறிந்தான். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

தர்மாவேதான்.

பத்துமலை சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து காலைத் தேய்த்தார். லோஷினி தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

மழை தூறலாகக் குறைந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாமா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. கண்ணத் தொறந்துட்டாரு. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. கால் எலும்புதான் சேர நாளாகுமாம். உயிருக்கு ஒண்ணும் இல்ல மாமா!"

கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். இனிப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயப்படாதபடி பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

"லோஷினி, ரூபன், இங்க வந்து உக்காருங்க. காலையில அப்பாவுக்கு ஒரு சின்ன..."

"அப்பா கண்ணு முழிச்சிட்டாரா பெரியப்பா?" என்றாள் லோஷினி.

அவர் திகைத்துப் போனார். "ஒங்களுக்கு... தெரியுமா?"

"காலையிலயே தெரியும். வீடியோவும் பாத்துட்டோம்."

"முழிச்சிட்டாரும்மா. நல்லா இருக்காரு. பேசறாரு."

அதுவரை அடக்கிவைத்திருந்த ரூபன் ஓவென்று அழுதான். பத்துமலை அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் போர் அடிக்குது, விளையாடலாம்னு என்னைப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்க?"

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கார்ல வரும்போது அம்மாதான் சொன்னாங்க பெரியப்பா. 'பெரியப்பாவுக்குப் போன மாசந்தான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. வீட்டுல வேற தனியா இருக்காரு. தம்பிக்கு இப்படின்னு நான் சொன்னதும் கொட்டுற மழையில மோட்டார எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு. நீங்க ரெண்டு பேரும் கூட இருந்து, அவர வெளிய விடாம பாத்துக்குங்க'ன்னு."