மாசக் கட்டணம் இல்லாத கணக்கு

“நாளைக்கே இவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வைங்க. கணக்கு என்கிட்டயே இருக்கும்ல?”

பூச்சி மருந்துக்காரர் இப்படிக் கேட்டபோது ‘இவள்’ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். புதுக் கணக்கு மேசையில் இருந்த பெண் அதிகாரிக்குச் சுருக்கென்றது. கட்டிய மனைவியை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது!

“இருக்கும் சார். கூட்டா நடத்துற கரண்ட் அக்கவுண்ட் இது. ரெண்டு பேர்ல யார் இருந்தாலும் தொடர்ந்து நடத்தலாம்.”

“அப்ப சரி. மாசக் கட்டணத்துக்கு வாங்க.”

கரப்பான், கரையான், எலி என்று வீடு வீடாகப் போய் மருந்து வைப்பது அவர் தொழில். ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே மருந்து நெடி வந்து உட்கார்ந்துவிட்டது. கணக்கு வழக்கும் மருந்து கலக்குவதும் மனைவியின் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது.

“பழைய பேங்க்ல மாசா மாசம் கட்டணம்னு உருவிட்டான் மேடம். நான் எலியைப் பிடிச்சா அவன் என்னைப் பிடிக்கிறான்.”

அதிகாரி பொறுமையாக விளக்கினாள். ஒரு கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைத்தால் கட்டணம் இல்லை. இன்னொன்றில் மாதந்தோறும் வாடிக்கையாளர் பணம் வந்து விழுந்தால் கட்டணம் இல்லை.

“மழைக்காலத்துல எவன் கூப்பிடுவான்? அந்த மாசம் மொட்டையடிச்சிடுவீங்களே!”

“அப்ப இந்த மூணாவதை எடுத்துக்கங்க. இருப்பும் வேண்டாம், மாசக் கட்டணமும் கிடையாது. எல்லாத்தையும் போன்லயே செஞ்சுக்கணும். இங்க கவுண்ட்டர்ல வந்து பணம் கட்டினாத்தான் காசு பிடிப்போம்.”

“அதான், அதான். அதைப் போடுங்க!” என்று தொடையில் தட்டிக்கொண்டார் மருந்துக்காரர். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

மனைவி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடிக் கோப்பையில் டீயை ஊற்றி அந்தக் கையில் வைத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

“நீங்க குடிக்கலையாம்மா?” என்றாள் அதிகாரி, எப்படியாவது அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று.

பதில் அவரிடமிருந்துதான் வந்தது. “அவ தொடமாட்டா. இது எனக்குன்னே தனியாப் போடுறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் புருஷன்மேல கரிசனம் வந்திருக்கு!”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, விண்ணப்பத்தை மனைவி பக்கம் தள்ளினார். “இங்க போடு. இங்கயும் போடு. படிச்சுக் கிழிக்க வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு.”

அதிகாரி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கையில் விஷம் வைத்துப் பிழைக்கிற மனுஷன், பெண்டாட்டி போனால் கணக்கு என்னாகும் என்று கேட்கிறான், அவளோ வாயைத் திறக்கவில்லை. பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ஒருவரே பேசி, மற்றவர் கையெழுத்து மட்டும் போட்டால், பேசாதவரைத் தனியாகப் பிரித்துக் கேள்.

“சார், உங்க அடையாள அட்டை நகல் மங்கலா இருக்கு. எதிர்க்கடையில இன்னொண்ணு எடுத்துட்டு வந்துடுங்களேன்.”

“அதுக்கும் தண்டமா? ஏய், நீ போய் எடுத்துட்டு வா.”

“அவங்க கையெழுத்து பாக்கி இருக்கு சார்” என்று அவசரமாகச் சொன்னாள் அதிகாரி.

அவர் முணுமுணுத்தபடி எழுந்தார். ஒரு கணம் தடுமாறி, நாற்காலி முதுகைப் பிடித்து நின்று, பிறகு நடந்தார். விண்ணப்பத்தின்மேல் அவர் தலைமுடி ஏழெட்டு உதிர்ந்து கிடந்தது. அதிகாரி அருவருப்போடு அதை ஊதிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு மூடியதும் மேசைமேல் குனிந்தாள். இன்றைக்கு இவளை இப்படியே அனுப்பிவிட்டு, நாளை பேப்பரில் படமாகப் பார்க்க அவளால் முடியாது.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க. அவர் உங்களை மிரட்டுறாரா? உங்க உயிருக்கு ஏதாவது ஆபத்து இருக்கா?”

மனைவி, கோப்பையின் அடியில் மிஞ்சியிருந்த டீயைச் சிந்தாமல் பிளாஸ்க்குக்குள் திருப்பி ஊற்றினாள்.

“நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். நான் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திடுறேன். போலீசுக்குப் போன் பண்ணட்டுமா? தலையை ஆட்டுங்க, போதும்.”

மனைவி கைக்குட்டையால் கோப்பையின் உட்புறத்தை அழுத்தித் துடைத்தாள். மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, பாக்கியிருந்த இடங்களில் எல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே மருந்துக்காரர் நகலோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். படியில் கால் வைத்தவர், ஏற முடியாமல் கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கினார்.

மனைவி அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதல்முறையாக வாயைத் திறந்தாள். குரலில் பயமும் இல்லை, பதற்றமும் இல்லை.

“அடுத்த மாசம் அவர் பேரை எடுக்கணும் மேடம். அதுக்குக் கட்டணம் உண்டா?”